தனுஷ்கோடியில் தொலைந்த கார் சாவி

தனுஷ்கோடியில் பெட்ரோல் பங்க் கிடையாது. ஒர்க் ஷாப் கிடையாது. சுற்றுலா வந்தவர்கள் இரவு தங்கவும் முடியாது. மாலை ஆறு மணி நெருங்கினால் போலீஸ்காரர் வந்து எல்லோரையும் கிளப்பிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் கார் சாவி கடலுக்குள் போய்விட்டது.

நடந்தது ஒரு நொடிதான். கால் நனைக்கலாம் என்று இறங்கிய அப்பா, அலை வந்ததும் மகளைத் தூக்கக் குனிந்தார். சட்டைப் பையில் இருந்த சாவிக் கொத்து நழுவியது. போன் தப்பியதற்குக் காரணம், போட்டோ எடுக்க அது அம்மாவின் கையில் இருந்ததுதான். அரை மணி நேரம் மணலைக் கையால் அளைந்து பார்த்தார்கள். ஒவ்வோர் அலையும் வந்து மணலைச் சமப்படுத்திவிட்டுப் போனது.

வேடிக்கை பார்த்த வேன் டிரைவர் ஒருவர் கேட்டார். "அண்ணே, எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"தெற்குப் பக்கம்ங்க."

"அப்ப ஆண் கடல். அது திருப்பித் தராதுண்ணே."

வடக்கே வங்கக் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல். சாதுவாகக் கிடக்கும் முன்னதைப் பெண் கடல் என்றும், எந்நேரமும் சீறும் பின்னதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். நடுவில் இருப்பது ஒரு சாலையும் கொஞ்சம் மணலும்தான்.

கார் பழைய சர்ச்சுக்கு எதிரே வெயிலில் நின்றது. பூட்டிய காருக்குள் துணிப் பை, சாப்பாட்டுக் கூடை, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இருந்தன. மாற்றுச் சாவி இருக்கிறதே என்று மகள் ஞாபகப்படுத்தினாள். இருக்கிறது, ஈரோட்டு வீட்டு பீரோவில். அந்த பீரோவின் சாவியும் வீட்டுச் சாவியும் அதே கொத்தில்தான் இருந்தன!

"ஏனுங்க, கண்ணாடிய ஒடைச்சா என்ன?" என்றார் அம்மா. உடைத்தால் மாத்திரை கிடைக்கும், கார் கிளம்பாது. இன்றைய கார்ச் சாவி வெறும் இரும்பு இல்லை. அதன் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு சிப் இருக்கிறது. இதற்குத் தனி பேட்டரி கிடையாது. சாவியை இக்னிஷனில் நுழைத்ததும் அங்கே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் ரேடியோ அலை வழியே சிப்புக்கு உயிர் கொடுக்கும். சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டருக்கு அந்த எண் தெரிந்தால்தான் என்ஜின் ஓடும். இம்மொபிலைசர் என்று இதற்குப் பெயர். திருடனைத் தடுக்க வந்த ஏற்பாடு, அன்று சொந்தக்காரரையும் தடுத்து நிறுத்திவிட்டது.

ஷோரூமுக்குப் போன் போட்டார்கள். ஆர்.சி., அடையாள அட்டை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தால் கம்பெனிக்கு எழுதி வரவழைக்கலாம், ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. இன்சூரன்ஸ் உதவி எண்ணில் இழுவை வண்டி தருவதாகச் சொன்னார்கள். மதுரையிலிருந்து வரவேண்டும், இரவு ஒன்பது தாண்டிவிடும். போலீஸ்காரரோ, "வண்டி நிக்கட்டும் சார், ஆளுங்க ஆறு மணிக்கு மேல இருக்கக் கூடாது" என்று பொறுமையாகத்தான் சொன்னார். உப்புக் காற்றில் காரை விட்டுவிட்டுப் போவதா? அப்பாவின் முகம் வாடிவிட்டது.

வழி காட்டியவர் அந்த வேன் டிரைவர்தான். ராமநாதபுரத்தில் கார்ச் சாவி போடும் தம்பி ஒருவரின் நம்பர் அவரிடம் இருந்தது. வருடத்துக்கு நாலைந்து பேராவது இங்கே சாவியைக் கடலில் விடுகிறார்களாம். காரின் மாடல், தயாரித்த வருடம், சாவி திருகும் வகையா, பட்டன் ஸ்டார்ட்டா என்று அந்தத் தம்பி கேட்டார். ஒன்பதாயிரம் ரூபாய் சொன்னார், எட்டாயிரத்துக்குச் சம்மதித்தார். எழுபது கிலோமீட்டருக்கு மேல் பைக்கில் வரவேண்டும், பாம்பன் பாலத்தையும் தாண்டி.

காத்திருந்த அந்த நேரம் தாத்தாவுக்குக் கிடைத்த நேரம். இந்தப் பயணமே அவருக்காகத்தான். அவருடைய பெரியப்பா அந்தக் காலத்தில் கொழும்பில் துணிக் கடையில் வேலை பார்த்தவர். சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். சிறு வயதில் கேட்ட அந்தக் கதையில் வரும் ஸ்டேஷனை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எழுபதைத் தாண்டிய பிறகு கேட்டிருந்தார்.

காலையில் வந்த வேகத்தில் 'இதுதான் ஸ்டேஷன்' என்று காரிலிருந்தே காட்டிவிட்டு அரிச்சல்முனைக்கு விரட்டிப் போனார்கள். இப்போது அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இடிந்த சுவர்களுக்கிடையே மெதுவாக நடந்தார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஸ்டேஷன், சர்ச், தபால் ஆபீஸ், வீடுகள் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையானது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்ததே 2017-ல்தான். அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பும் வேனும்தான் ஓடும்.

சங்கு, பாசி மாலை விற்கும் அக்கா ஒருவர் தாத்தாவை நிழலில் உட்காரவைத்து, பொரித்த மீனும் சோறும் கொடுத்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீர் இனித்தது. இரண்டு பக்கமும் கடல் இருக்க, சில அடி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது தனுஷ்கோடியின் அதிசயம். பெய்த மழையை மணல் பிடித்துவைத்துக்கொள்கிறது. உப்பு நீரைவிட எடை குறைந்த நல்ல நீர் மேலே தங்கிவிடுகிறது. "ஆழமாத் தோண்டிட்டா உப்பாயிரும் ஐயா" என்றார் அந்த அக்கா.

நாலே முக்காலுக்குச் சாவித் தம்பி வந்து சேர்ந்தார். முதலில் கருவியை எடுக்கவில்லை, ஆர்.சி.யைக் கேட்டார். அது காருக்குள் இருந்தது. போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினார் அப்பா. லைசென்ஸில் உள்ள பெயரையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் பையைத் திறந்தார். யார் வந்து கேட்டாலும் கார்ச் சாவி போட்டுக் கொடுப்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

டிரைவர் கதவின் பூட்டில் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து, உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நோட்டில் எண்களாகக் குறித்தார். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. தாத்தாவுக்கு மாத்திரை கிடைத்தது. மணல் பறந்ததால் சங்குக் கடையின் தட்டிக்குள் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் சின்ன இயந்திரத்தில் அந்த எண்களின்படி சாவியை வெட்டினார். கொண்டுவந்து போட்டார். சாவி திரும்பியது, என்ஜின் பேசவில்லை.

"இன்னும் பாதி வேலை இருக்குண்ணே."

ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் மாட்டும் சாக்கெட் ஒன்று எல்லா நவீன கார்களிலும் உண்டு. அதில் கையடக்கக் கருவியைச் செருகினார். பழைய சாவிகளின் எண்களை அழித்து, புதிய சிப்பின் எண்ணைப் பதியவேண்டும். முதல் முறை பாதியில் நின்றுவிட்டது. காரின் பேட்டரி பலம் போதவில்லை என்றார். வேன் டிரைவர் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து கேபிள் கொடுத்தார். மணி ஐந்தே முக்கால். போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். வந்தவர் விரட்டவில்லை, தாத்தாவின் பக்கத்தில் நின்று அவரும் எட்டிப் பார்த்தார்.

ஐந்து ஐம்பதுக்கு என்ஜின் சீறிக் கிளம்பியது. மகள் கைதட்டினாள்.

"கடல்ல போன சாவி யார் கைலயாவது கிடைச்சா?" என்று அம்மா கேட்டார்.

"கதவு திறக்கும்க்கா, வண்டி ஓடாது. வீட்டுல இருக்கற இன்னொரு சாவியும் இனி அப்படித்தான். அதை எடுத்துட்டு ராம்நாடு வந்தா பதிஞ்சு தர்றேன், காசு வேண்டாம். இல்லைன்னா உங்க ஊர்லயே செஞ்சுக்கலாம்."

வேன் டிரைவர் காசு வாங்க மறுத்தார். சங்குக் கடையில் அம்மா மூன்று மாலைகள் வாங்கினார், பேரம் பேசாமல். கடைசி வண்டிகளில் ஒன்றாக அவர்களுடைய கார் கிளம்பியது. புதுச் சாவிக்கு ரிமோட் இல்லை, வளையமும் இல்லை. சங்குக் கடைச் சணல் கயிறு ஒன்றில் தொங்கியது.

கோதண்டராமர் கோயில் திருப்பத்தைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து தாத்தா கேட்டார்.

"ஏப்பா, பீரோவை விடு. வீட்டுக்குள்ள எப்படிப்பா போறது?"

அம்மா போனை எடுத்து, ஈரோட்டில் பூட்டுத் திறப்பவர் நம்பர் யாரிடம் இருக்கும் என்று தேட ஆரம்பித்தார்.