வட்டுக்கோட்டையும் கன்னி இராசியின் காணா விளக்குகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மேற்கே காக்கைதீவு, கல்லுண்டாய் வழியாக வட்டுக்கோட்டைக்குச் செல்லும் வீதியிலே வானம் மிகப் பெரிது. பட்டினத்து மதில்களும் வேலிகளும் பின்னே நின்றுவிட, ஒரு பக்கம் கடல்நீரேரியும் மறுபக்கம் வெட்டவெளியுமாக வழி நீளும். மாரியில் மாத்திரம் பெருகும் வழுக்கையாறு நீரேரியோடு கலப்பது அராலியில். அராலியை அடுத்தது வட்டுக்கோட்டை. பனைகளுக்கு மேலே விண்மீன்கள் தெளிவாய்த் தோன்றும் இவ்விரு ஊர்களுக்கும் வானசாத்திர வரலாற்றிலே ஓர் இடமுண்டு.

வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் ஓர் உயர்கல்விக் கழகத்தைத் தொடங்கினர். செமினரி எனப் பெயர்பெற்ற அக்கழகம் 1855இல் மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்வூரிலேயே எழுந்தது. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செமினரியிலே பயின்றவர். தமிழிலே ‘வீசகணிதம்’ இயற்றி 1855இல் வெளியிட்ட கறோல் விசுவநாதபிள்ளை அவர்களும் அங்கே பயின்றவரே. வானசாத்திரமும் அங்கே பாடங்களுள் ஒன்றாக விளங்கிற்று.

அக்காலத்திலே அராலியில் வாழ்ந்தவர் விசுவநாத சாஸ்திரியார். கவி பாடுவதிலும் பஞ்சாங்கம் கணிப்பதிலும் பெரும் புகழ் படைத்தவர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் தேதி, பங்குனிப் பூரணையன்று, சந்திர கிரகணம் நிகழுமென்று அவருடைய பஞ்சாங்கம் கூறிற்று. கிரகணம் உண்டென்பதிலே செமினரி அதிபர் டானியேல் பூவர் பாதிரியாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அது தொடங்கும் நேரம், மறைக்கும் அளவு, நீடிக்கும் காலம் ஆகிய மூன்றிலும் அவருடைய கணக்கு வேறு விடை தந்தது. குறித்த மாலையிலே நிலாவையே நடுவராக வைத்துப் பார்த்தபோது, பாதிரியாரின் கணக்கே சரியெனக் கண்டனர்.

பஞ்சாங்கம் பார்த்தே விதைப்பும் விவாகமும் விரதமும் நடத்திய மக்களுக்கு இஃது சிறு செய்தியன்று. பாதிரியார் இதனைத் தம் சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்தினார். இன்று நின்று நோக்கும் நமக்கோ, அன்று தமிழ் தோற்றதாகத் தோன்றவில்லை. எந்த நாட்டு வாய்பாடாயினும், தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்படாதிருந்தால் அதிலே பிழை சேர்ந்துகொண்டே வரும். வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவதே அதற்கு மருந்து. இன்று நம் வீடுகளிலே வாக்கிய பஞ்சாங்கத்தோடு திருக்கணித பஞ்சாங்கமும் தொங்குகின்றதல்லவா? அப்பெயரிலுள்ள ‘திருக்’ என்பது வடமொழியிலே பார்வையைக் குறிப்பது. பார்வையோடு பொருந்தும் கணிதமே திருக்கணிதம்.

இனி, அந்தப் பங்குனி நிலா அன்று வானத்தில் எங்கே நின்றது என்று பார்ப்போம். அது நின்றது கன்னி இராசியில். கையை நீட்டி முட்டியை மூடிப் பிடித்தால் வானத்திலே எவ்வளவு இடம் மறையுமோ, அவ்வளவு தூரத்துக்குள், அந்நிலாவின் அருகே, ஒரு மங்கிய புள்ளி இருந்தது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அராலியாரும் அறியார், அமெரிக்கரும் அறியார். இன்று அதற்கு 3சி 273 என்று பெயர்.

அதனை உலகுக்குக் காட்டித் தந்ததும் நிலாவே. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆந் தேதி, நிலா அப்புள்ளியை மறைத்துக்கொண்டு சென்றது. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் றேடியோத் தொலைகாட்டியிலே சிரில் ஹசாட் என்பாரும் துணைவரும், றேடியோ அலை நின்ற கணத்தையும் மீண்ட கணத்தையும் குறித்துக்கொண்டனர். நிலாவின் விளிம்பு அக்கணங்களிலே எங்கே இருந்தது என்பது கணக்கினால் தெரிந்ததே. ஆகவே புள்ளியின் இடமும் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மார்ட்டன் சிமித் அதன் ஒளியைப் பகுத்தாராய்ந்து, அது நம் பால்வீதி மண்டலத்து விண்மீன் அன்று, 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள பொருள் என்று கண்டார். இத்தகைய பொருள்களையே குவேசார் என்கின்றனர்.

நிலா மறைப்பைக் கொண்டு இவ்வாறு அளக்கும் முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. கோவிந்த் சுவரூப் தலைமையிலே உதகமண்டலத்து மலைச்சரிவில் 1970இல் நிறைவேறிய றேடியோத் தொலைகாட்டி 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. நிலா மறைக்கும் றேடியோ மூலங்களை ஆராய்வதே அதனை அமைத்தோரின் முதல் நோக்கம்.

குவேசாரின் நடுவிலே சூரியனைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்று இருக்கிறது. அதனுட் சுழன்று விழும் பொருள் பெருவெப்பங் கொண்டு ஒளிர்கிறது. சில குவேசார்களிலே, விழும் பொருளில் ஒரு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இரு தாரைகளாய், ஒளியின் வேகத்துக்கு மிக அண்மித்த வேகத்திலே பீறிட்டுப் பாய்கிறது. தாரையிலுள்ள இலத்திரன்கள் வழியிலே எதிர்ப்படும் மெல்லிய ஒளித்துகள்களை மோதுகின்றன. மெதுவாய் வரும் பந்தை மட்டையினால் ஓங்கி அடித்தாற்போல, அவ்வொளித்துகள் பன்மடங்கு வலிமை பெற்றுக் காமாக் கதிராய்ப் புறப்படுகிறது. இவ்வாறு எழும் கதிர்களிலே சில, நாம் கண்ணாற் காணும் ஒளியைப்போல 50 கோடி மடங்கு சக்தி உடையவை.

இதிலே மற்றொரு விந்தையும் உண்டு. லாந்தரின் ஒளி எப்பக்கமும் பரவும். டோர்ச் லைற்றின் ஒளி ஒரு பக்கமே செல்லும். ஒளியோடு போட்டியிட்டு ஓடும் தாரை, லாந்தராய்ப் பிறந்தும் டோர்ச் லைற்றைப் போலத் தன் ஒளியை முன்னே குவித்துவிடுகிறது. தாரை நம்மை நோக்கியிருப்பின் ஒளி பெரிதாய்த் தெரியும், விலகியிருப்பின் மங்கிவிடும்.

பூமியின் காற்றுமண்டலம் இக்கதிர்களைத் தடுத்துவிடுவதனால், செய்ம்மதிகள் எழும்வரை எவரும் இவற்றைக் கண்டாரல்லர். 1975இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்ம்மதியாகிய கோஸ்-பி, 3சி 273இலிருந்து காமாக் கதிர் வருவதைக் கண்டது. 1991இல் கொம்ப்டன் ஆய்வுக்கூடம் அதே கன்னி இராசியிலுள்ள 3சி 279 என்னும் குவேசாரை நோக்கியபோது, அது எவரும் எதிர்பாராத அளவு காமா ஒளி வீசக் கண்டனர். அவ்வொளி அங்கிருந்து புறப்பட்டபோது நம் பூமியே தோன்றியிருக்கவில்லை.

2008இல் ஏவப்பட்ட பேர்மி ஆய்வுக்கூடம் புதிய புதிரொன்றை வைத்தது. 2015 யூன் மாதத்திலே 3சி 279இன் காமா ஒளி ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் இருமடங்காய் மாறிற்று. அவ்வளவு விரைவில் மாறுவதாயின், அவ்வொளி பிறக்கும் இடம் சிறிதாயிருத்தல் வேண்டும். சிறிய இடமெனின் கருந்துளைக்கு அண்மையில் என எண்ணலாம். ஆனால் அங்குள்ள அடர்ந்த ஒளி காமாக் கதிரை விழுங்கிவிடுமே! தூரத்திலே எனின், அகன்று விரிந்த தாரை நிமிடங்களில் மாறுவது எவ்வாறு? அறிஞர் கணக்குகள் இதிலே இன்றும் வேறுபடுகின்றன. 1829இலே வட்டுக்கோட்டையில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் வேற்றுமை அளவிலேயே உண்டு, முறையிலே இல்லை. இரு கணக்குகள் முரணும்போது வானமே தீர்ப்புச் சொல்லும்.

இவ்விரு விளக்குகளும் இருக்கும் திசையை மாணவர் தாமே கண்டுகொள்ளலாம். சித்திரை மாதத்து நிலவில்லா இரவிலே, வீட்டு முற்றத்தில் நின்று, அம்மாதத்துக்குப் பெயர் தந்த சித்திரை என்னும் வெண்ணிற மீனைத் தேடுக. அதிலிருந்து வடமேற்காக, நீட்டிய கையின் முட்டியளவு சென்றால் 3சி 279 இருக்கும் இடம். ஏறக்குறைய அதே போக்கில் இன்னும் ஒரு முட்டியளவு சென்றால் 3சி 273. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. எட்டு அங்குலத் தொலைகாட்டி கிடைப்பின், நல்ல இருளிலே 3சி 273 சிறு புள்ளியாய்த் தோன்றும்.

தொலைகாட்டி இல்லாத பிள்ளைகளும் வருந்த வேண்டா. அடுத்த சந்திர கிரகணம் நம் நாட்டிலே தெரியும் இரவில், பஞ்சாங்கம் குறித்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கடிகாரத்தோடு குடும்பமாக முற்றத்தில் அமருக. நிழல் நிலாவைத் தொடும் கணத்தை அருகே எழுதி, இரண்டையும் ஒப்பிடுக. குவேசாரை ஆராயும் பேரறிஞர் செய்வதும் அதுவே.