நடந்தால்தான் தெரியும் தனுஷ்கோடி

2017-க்கு முன்பு தனுஷ்கோடிக்குப் போவதென்றால் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவின் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் சுமார் 5 கி.மீ. வெறும் மணலும் சேறும்தான். நடக்க முடியாதவர்களுக்கு அலையோரம் குலுங்கியபடி போகும் வேன்கள்.

ஒரு காலத்தில் ரயில் வந்து நின்ற ஊர் இது. சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறி தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். இடிந்த தேவாலயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகே ஓலைக் குடிசைகள் முளைத்தன. வடக்கே அமைதியான பாக் நீரிணை. அவர்களுக்கு அது பெண் கடல். தெற்கே சீறும் மன்னார் வளைகுடா ஆண் கடல். இரண்டு உப்புக் கடல்களுக்கு நடுவே குடிநீருக்கு என்ன வழி? மணலைக் கொஞ்சம் தோண்டினால் போதும், நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் லேசானது என்பதால் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புதான் மிஞ்சும்.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை திறக்கப்பட்டது. நோயாளிக்கும் மீன் கூடைக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் பெங்களூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் கார்கள் நேராக முனைக்குப் போய், படமெடுத்துத் திரும்பிவிடுகின்றன. ஊர் என்பது கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் சில கூரைகள், அவ்வளவுதான். நடந்து வந்தவருக்குத் தாகமெடுக்கும். குடிசை வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். ஊற்றின் கதையும் அங்கே வாழ்பவர்களின் கதையும் காதில் விழும். காரில் வருபவர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

இன்றும் வழி இருக்கிறது. பழைய ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறுமுன் முனை வரை 4 கி.மீ.க்குச் சற்று அதிகமாக நடந்தால் போதும். கரைவலை இழுப்பவர்களை வழியில் பார்க்கலாம். ஆண் கடலில் மட்டும் இறங்க வேண்டாம். வாழத் தகுதியற்றது என்று சொல்லப்பட்ட ஊர் எப்படி வாழ்கிறது என்பது அந்த நடையில் தெரிந்துவிடும்.