காலர் முனை

தெருமுனை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார். ஒரு சட்டை தேய்ப்பது பெரிய வித்தையா என்று நானே பெட்டியைச் சூடாக்கினேன். உடம்புப் பகுதி ஒருவழியாகப் படிந்தது. காலர்தான் மசியவில்லை. நடுவிலிருந்து முனைக்கு இழுத்தேன். துணி ஒதுங்கிக்கொண்டே போய், முனையில் பூனைக்காது மாதிரி ஒரு மடிப்பாக உட்கார்ந்துகொண்டது. அதோடுதான் கல்யாணத்துக்குப் போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் மனைவி என்னை இடப்பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

காந்திக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது அவருக்குத் தினம் ஒரு காலர் தேவைப்பட்டது. சலவைக்கூலி காலரின் விலையையே எட்டிவிடும் போலிருக்க, புத்தகம் வாங்கிச் சலவை படித்தார், கஸ்தூர்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் காலரில் கஞ்சி கூடிப்போயிற்று. பெட்டியில் சூடு போதவில்லை. கருகிவிடுமோ என்ற பயத்தில் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. கோர்ட்டில் காலரிலிருந்து கஞ்சி உதிர்ந்தது, சக வக்கீல்கள் சிரித்தார்கள். ‘சத்திய சோதனை’யில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1912இல், காந்தி தன் அரசியல் குருவாக மதித்த கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். தன் குரு ரானடே அன்பளிப்பாகக் கொடுத்த அங்கவஸ்திரத்தைக் கோகலே விசேஷங்களுக்கு மட்டுமே அணிவார். விருந்துக்குக் கிளம்பும் நேரத்தில் பார்த்தால் அது கசங்கிக் கிடக்கிறது. நான் தேய்த்துத் தருகிறேன் என்றார் காந்தி. கோகலேவுக்கு அவருடைய வக்கீல் திறமைமேல் நம்பிக்கை உண்டு. சலவைத் திறமைமேல் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் தேய்த்து, அவரிடம் நற்சான்று பெற்ற பிறகுதான் காந்தி ஓய்ந்தார்.

காந்தி முடிவெட்டிக்கொண்ட கதையும் அதே புத்தகத்தில் வருகிறது. பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துபவர் மறுத்துவிட, தானே வெட்டிக்கொண்டு, பின்னந்தலையைக் கெடுத்துக்கொண்டார். எலி கடித்ததா என்று கேட்டார்கள். அவரோ மறுத்தவரைக் குறை சொல்லவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் அவருடைய வாடிக்கை போய்விடும். தீண்டத்தகாதவர் என்று நாம் ஒதுக்கியவர்களுக்கு முடிவெட்ட நம் ஊரில் நாவிதரை நாம் விடுகிறோமா என்று தன் பக்கமே திரும்பிக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே படித்தவன் அங்கே நின்றுவிட்டேன். எங்கள் தாத்தா தன் வேட்டியைத் தானே துவைத்ததில்லை. “அதுக்குன்னு ஆள் இருக்கு” என்பார். துவைக்கத் தெரியாதது அவருக்குக் குறையாகப் படவில்லை, அந்தஸ்தாகப் பட்டது. யார் எதைச் செய்வது என்று பிறப்பிலேயே எழுதிவைத்த ஊரில், ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குச் சோம்பல்கூடத் தேவையில்லை.

இஸ்திரிக்காரர் திரும்பி வந்ததும் சட்டையைக் காட்டினேன். காலரைப் புரட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டே இழுப்பு. பூனைக்காது காணாமல் போனது. “முனையிலேர்ந்து உள்ள வரணும் சார்.” சட்டைக்கு இவ்வளவா என்று போன மாதம் இவரிடம்தான் பேரம் பேசியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காலரை நானே தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். கோகலேயின் நற்சான்று மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “பரவால்ல சார்” என்றார். பிறகு மனசு கேட்காமல் ஒரு இழுப்பு இழுத்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.