வக்காலத்தில் ஒரு பெயர்

சென்னையில் தம்புசெட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெருப் பக்கம் எந்த மாடிப்படி ஏறினாலும் ஒரு வக்கீல் ஆபீஸ் இருக்கும். அவற்றில் பலவற்றில் "இங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார்கள். புதிதாக என்ரோல் ஆகி வருகிறவர்கள் இந்த வசனத்தைக் கேட்டால் உஷாராவது நல்லது. குடும்பத்தில் யாரும் சம்பளம் கேட்பதில்லை அல்லவா? ஜூனியர்களுக்குச் சென்னை போன்ற நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. பாசத்தின் லட்சணம் அப்படி.

நான் சேர்ந்த ஆபீஸில் அந்த வசனம் கிடையாது. ஒன்றாம் தேதி கவர் வந்துவிடும். தொழிலில் பாதியைக் குமாஸ்தா அண்ணனிடம்தான் கற்றேன்: வழக்குக் கட்டு எந்த செக்‌ஷனில் நிற்கிறது, ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து எப்படித் திரும்பப் போடுவது, நம்பர் ஆக யாரைப் பார்ப்பது. சட்டக் கல்லூரியில் இதற்குப் பாடமே இல்லை.

மறுபாதி, சாயங்கால மேசையில். மறுநாள் லிஸ்ட் வந்ததும் ஒவ்வொரு கட்டையும் பிரிப்போம். யாராவது ஒரு ஜூனியர் எதிர்த்தரப்புக்காகப் பேசியாக வேண்டும், சீனியரையே மடக்கலாம். "இது தெரியாதா?" என்று யாரும் கேட்டதில்லை. அதனால்தான் தெரியாததையெல்லாம் கேட்டோம். வாய்தா வாங்க மட்டும் எங்களை அனுப்பும் வழக்கமும் சீனியருக்கு இல்லை. கட்டைத் தயார் செய்தவரே எழுந்து பேச வேண்டும். வக்காலத்தில் சீனியர் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்களும் இருக்கும்.

அங்கே எங்கள் பெயர் இருந்ததன் மதிப்பு, அவருக்கு நீதிமன்றம் தரும் "சீனியர் அட்வகேட்" அந்தஸ்து கிடைத்தபோதுதான் புரிந்தது. வழக்கறிஞர் சட்டம் 1961, 16ஆம் பிரிவின்படி அந்த அந்தஸ்து கிடைத்தவர் அதன்பின் வக்காலத்து போட முடியாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் முடியாது. ஆபீஸில் இருந்த கட்டெல்லாம் ஒரே நாளில் ஜூனியர்கள் கைக்கு வரும். பல ஆபீஸ்கள் உடைவது இந்த இடத்தில்தான். எங்களிடம் பங்கு பிரிப்பது பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. யார் எந்தக் கட்டில் உழைத்தார்களோ அது அவர்களுக்கு. "ஐயா இல்லாம எப்படிங்க?" என்று தயங்கிய கட்சிக்காரர்களிடம், "இத்தனை நாளா இவங்கதான் பார்த்தாங்க" என்று அவரே சொல்லி அனுப்பினார். சிலர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள்.

இப்போது பெரிய வழக்கென்றால் நான்தான் அவரை அமர்த்துகிறேன். கட்டோடு போய் விளக்கிச் சொன்னால், எதிர்த்தரப்புக்காரரைப் போலக் குடைகிறார். ஃபீஸ் பேச எனக்குத்தான் கூச்சம். அவருக்குத் துளியும் இல்லை.