துருசு அடைபட்ட குளம்

2022 டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நகர்ந்துகொண்டிருந்தது. கந்தளாயில் நாங்கள் குளிர் என்று சொல்வது மார்கழிப் பனியைத்தான். அந்த வாரம் வந்தது வேறு. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. குளக்கட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றுக்கு யன்னலைச் சாத்திவிட்டு, விடியப்புறம் ஐந்து மணிக்குக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். உயர்தரப் பரீட்சை ஜனவரி 23 தொடங்கவிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வினாத்தாளாவது முடித்துக் கொடுக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தினேன். விசிறி அசையவில்லை, விளக்கு எரியவில்லை. பத்து மணிக்கு அதே பொத்தானை அழுத்த, ஒரு குறையுமில்லாததுபோல எழும்பி நின்றது. சில வாரங்களாகவே இடைக்கிடை இப்படித்தான். குளிர் கூடியதும் தினமும் என்றானது.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு பகல், ஓட்டோவில் ஏற்றித் திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். பெடியன் சுவிட்சைப் போட்டதும் வேலை செய்தது. றாமைக் கழற்றித் துடைத்தார், மதர்போர்ட்டில் இருக்கும் 3 வோல்ட் பற்றரியை மாற்றினார். "இதில ஒண்டுமில்லை சேர்" என்றார். அவரில் பிழையில்லை. நோய் இல்லாத நேரத்தில் நோயாளியைக் காட்டினால் எந்த வைத்தியரும் அப்படித்தான் சொல்வார்.

பேராற்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். வால்வு றேடியோக் காலத்திலிருந்து திருத்து வேலை செய்தவர். அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"எப்ப எழும்புதில்லை எண்டு முதல்ல சொல்லுங்கோ தம்பி."

"காலமையிலதான் அண்ணன். பத்து மணிக்குப் பிறகு பிழையில்லை."

"இரவில பிளக்கைக் கழட்டிறனீங்களோ?"

இந்தக் கேள்வி என்னை நிறுத்தியது. ஆம், கழற்றுகிறேன். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோம். திரும்பி வரும் கரண்ட் எதையாவது எரித்துவிடும் என்ற பயத்தில் இரவில் எல்லா பிளக்கையும் கழற்றும் பழக்கம் அப்போது வந்தது. கரண்ட் வெட்டு குறைந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அதற்கு முந்திய பல வருஷங்களில் அந்தப் பிளக் சுவரைவிட்டு வந்ததேயில்லை.

அவர் விளங்கப்படுத்தினார். பிளக் செருகியிருக்கும்வரை, கணினி நின்றிருந்தாலும் பவர் சப்ளைக்குள் 5 வோல்ட் தரும் ஒரு பகுதி விழித்தே இருக்கும். அது இளஞ்சூட்டிலேயே கிடக்கும். கழற்றிவிட்டால் ஒவ்வொரு காலையும் அது புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த முதல் மூச்சுக்கான மின்னைச் சேர்த்துக் கொடுப்பது ஒரு சின்னக் கப்பாசிட்டர்.

எங்கள் பாடப்புத்தகம் அதைக் கொள்ளளவி என்கிறது. தமிழ்நாட்டில் மின்தேக்கி. கந்தளாயில் இருப்பவனுக்கு இரண்டாவது சொல்தான் நெஞ்சில் படும். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டிய குளத்து நீரைத் தம்பலகாமத்து வயல்வரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தேக்கி வைத்து வேண்டிய நேரம் திறந்துவிடுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கப்பாசிட்டருக்குள் அலுமினியத் தாளும் திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டிக் கிடக்கும். ஈரம்தான் அதன் உயிர். வெக்கை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். வருஷக்கணக்காய் இளஞ்சூட்டில் கிடந்து ஈரம் வற்ற, உள்தடை ஏறுகிறது. குளிரில் மிச்சத் திரவமும் தடித்து, தடை இன்னும் ஏறுகிறது. நீரும் குறைந்து துருசும் அடைபட்ட குளம் அது. சூடு பட்டால் துருசு கொஞ்சம் இளகும். நாங்கள் அதைத் தானாகச் சரியாகிவிட்டதென்று நம்புவோம்.

"இரவு இஞ்சயே கிடக்கட்டும்" என்றார். மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். பொத்தானுக்கு அசைவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் காற்றுத் துளைகளுக்குள் ஹெயார் ட்ரையரால் ஐந்து நிமிடம் இளஞ்சூடு பிடித்தார். திரும்பச் செருகி அழுத்த, எழும்பியது.

பிறகுதான் திறந்தார். அதுவும் நெடுநேரம் கழித்து, பெரிய கப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும் மின்னை இறக்கிய பிறகு. 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட்டாகத் தேங்கும் இடம் அது, பழக்கமில்லாத கை அங்கே போகவே கூடாது. நான் உச்சி வீங்கிய கப்பாசிட்டரைத் தேடினேன். ஒன்றுமில்லை. அவர் கழற்றியது வேப்பங்கொட்டை அளவில், மினுமினுவென்று புதிதுபோல இருந்தது. மீற்றரில் பிடித்தார், தடை எக்கச்சக்கம். சொல்டரிங் அயனை அதன் காலில் வைத்ததும் எண் என் கண் முன்னால் இறங்கியது. எடுத்தார். எண் மெல்ல மெல்லத் திரும்ப ஏறியது.

புதியதைப் பற்றவைத்துத் தந்தார். அன்றிரவு பிளக்கைக் கழற்றி, யன்னலையும் திறந்து வைத்தேன். விடிய ஐந்து மணிக்கு மேசை ஈரமாய்ச் சில்லிட்டது. பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. வினாத்தாள் மூன்றாம் கேள்வியில் நின்றிருந்தது. அதிலிருந்து தட்டத் தொடங்கினேன்.