வண்டி நெட்டுக்குப்பத்துக்கு, போனஸ் எனக்கு

நம்ம வீட்டு ஆம்னியைப் போன மாசம் நெட்டுக்குப்பத்துத் தம்பி ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். மீஞ்சூர் பக்கம் எங்க ஊருக்கு மீன் கொண்டு வர்றவர். எங்களைத் தாண்டிப் போற கொசஸ்தலை ஆறு அவங்க முகத்துவாரத்துலதான் கடல்ல சேருது, அந்தப் பழக்கம்.

விலை பேசி முடிச்சதும் கேட்டார்: "பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்கேண்ணே, அதுவும் வண்டியோட வந்துடும்ல?"

பாதி வரும், பாதி வராது. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவுப்படி, அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி காப்பீடு வண்டியோடவே போயிடும். வண்டிக்கே ஆகுற சேதத்துக்கு, வாங்கினவர் 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துத் தன் பேருக்கு மாத்திக்கணும். அவருக்கு இதுதான் முக்கியம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்துல வந்ததை அவங்க மறப்பாங்களா?

அஞ்சு வருஷத்துக்கு மேல நான் கிளெய்மே கேட்கலை. அதுக்குக் கிடைச்ச 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கே, அது வண்டிக்குச் சொந்தமில்ல, எனக்குத்தான். (முதல் வருஷம் 20-ல ஆரம்பிச்சு 25, 35, 45-னு ஏறி, அஞ்சாவது வருஷம்தான் 50 ஆகும். தேர்ட் பார்ட்டி தொகையில இந்தத் தள்ளுபடி கிடையாது.) தம்பி அந்த வித்தியாசத்தைக் கட்டிப் பாலிசியை எடுத்துக்கிட்டார். நான் வித்த அத்தாட்சியைக் காட்டி போனஸ் கடிதம் வாங்கி, புதுசா எடுத்த ஈக்கோவுக்குப் போட்டுக்கிட்டேன். கடிதம் மூணு வருஷம் செல்லும். பாலிசி அவருக்கு வேணாம்னா, மிச்ச நாளுக்கு அதையே ஈக்கோவுக்கு மாத்தியிருக்கலாம், கூடுதல் பிரீமியம் இருந்தா மட்டும் கட்டிட்டு.

ஆர்.சி. மாத்துற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. பல கை மாறின ஒரு கார் விபத்துல மாட்டினப்போ, ஆர்.சி.யில பேர் இருந்த பழைய ஓனர்தான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. 29, 30 படிவங்கள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோட விடாம, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கூடவே போனேன்.

"மீன் பெட்டி ஏத்தாதப்பா, இது சொந்த உபயோகப் பாலிசி, சரக்குக்குச் செல்லாது"ன்னேன்.

"மீனுக்கு டாடா ஏஸ் இருக்குண்ணே. இது அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக"ன்னார்.