கீழ்க்குரலுக்கு ஒரு கருவி

தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவரின் முதல் வேலை, பாடத் தெரியாதவர்களைப் பாட வைப்பது. கச்சேரிக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். சபைக்கு வருகிறவர்களோ தாங்களே பாடவும் வேண்டும், அதுவும் ஒத்திகை இல்லாமல். வாத்தியத் துணை இல்லாத சபை நான்காம் சரணத்துக்கு வருவதற்குள் சுருதியில் இறங்கிவிடும். முன்வரிசை ஒரு காலத்திலும் பின்வரிசை வேறொரு காலத்திலும் போகும். அடியில் அசையாத ஒரு தாழ்ந்த சுரம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே ஜனங்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தத் தேவை மின்சாரத்துக்கு வெகு முந்தியது. பிரான்சின் ஒசேர் நகரில் எத்மே கியோம் என்ற குருவானவர் 1590 வாக்கில் 'செர்பன்ட்' என்ற ஊதுகருவியைச் செய்தார் என்பது மரபுச் செய்தி. மரத்தைக் குடைந்து, தோல் சுற்றி, சுமார் எட்டடிக் குழாயைப் பாம்பு போல நெளியவிட்ட கருவி அது. ஆண்கள் ஓதும் லத்தீன் பாடல்களுக்குக் கீழிருந்து தாங்கல் கொடுப்பது அதன் பணி. ஏதேன் தோட்டத்துக் கதையை மனப்பாடமாக அறிந்தவர்களே பாம்பைப் பீடத்துக்கு அருகில் உட்கார வைத்தது வேடிக்கைதான். கடலுக்கு அப்பால் நியூ இங்கிலாந்தில், செல்லோவைவிடச் சற்றுப் பெரிய ஒரு நரம்புக் கருவி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலயங்களுக்குள் நுழைந்தது. அதற்கு 'சர்ச் பேஸ்' என்றே பெயர். பிடில் நடனத்துக்கும் சாத்தானுக்கும் உரியது என்று முகம் சுளித்தவர்கள், அதன் பெரிய அண்ணனை மட்டும் முணுமுணுத்தபடி உள்ளே விட்டார்கள்.

இங்கிலாந்தின் கிராம ஆலயங்களிலும் இதே கதை. அங்கே மேற்குச் சுவரை ஒட்டிய மாடத்தில் பிடில், கிளாரினெட், பேஸ் வயல் என்று ஊர்க்காரர்களின் குழு உட்கார்ந்து வாசித்தது. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் பாட்டனார் டோர்செட்டின் ஸ்டின்ஸ்ஃபர்டு ஆலயத்தில் பேஸ் வயல் வாசித்தவர், தகப்பனார் பிடில். 1840-இல் பிறந்த ஹார்டி நடக்கப் பழகிய நாட்களோடு அந்தக் குழு கலைந்துபோனது. அவருக்குக் கிடைத்தது வீட்டில் கேட்ட கதைகள் மட்டும். அந்தக் கதைகள் போதுமானவையாக இருந்தன.

1894-இல் வந்த 'லைஃப்ஸ் லிட்டில் ஐரனீஸ்' தொகுப்பில் அப்படி ஒரு குட்டிக் கதை உண்டு. ஆலய இசைக்குழுவில் இருப்பவர்கள் யாரும் படிக்க வேண்டியது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு. வாரம் முழுக்க விருந்து விருந்தாக ராக்கண் விழித்து நடனத்துக்கு வாசித்த களைப்பு குழுவுக்கு. கீழே சபையாருக்குக் குளிர்காய அடுப்பு உண்டு. மேலே மாடத்தில் ஒன்றும் கிடையாது. காலை ஆராதனையில் விரல் விறைத்துப்போன தலைவர், மாலையில் வயிற்றுக்குள் ஏதாவது சூடாக இருந்தாக வேண்டும் என்று தீர்மானிக்கிறார். ஒரு காலன் பிராந்தியும் பீரும் கலந்து காய்ச்சிக் கொண்டுவருகிறார்கள். ஜாடியின் சூடு ஆறாமல் இருக்க அதைச் சுற்றி வைப்பது எதில் தெரியுமா? பேஸ் வயல்காரரின் வாத்தியப் பையில். பாவமன்னிப்பு அறிக்கையின்போது ஒரு வாய், விசுவாசப் பிரமாணம் முடிந்ததும் ஒரு வாய், பிரசங்கம் ஆரம்பித்ததும் மீதி. அன்றைக்குப் பிரசங்கமும் நீளம். குழு மொத்தமும் அயர்ந்து தூங்கிப்போகிறது.

பிரசங்கம் முடிந்து குருவானவர் மாலைப் பாடலை அறிவிக்கிறார். மாடத்தில் சத்தமே இல்லை. பக்கத்திலிருந்த சிறுவன் தலைவரை உலுக்கி, ஆரம்பிக்கச் சொல்கிறான். ஆலயத்துக்குள் இருட்டியிருக்கிறது. நேற்றைய விருந்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துத் திடுக்கிட்டு எழுந்த தலைவர், அந்த வட்டாரத்தின் துள்ளல் நடன மெட்டு ஒன்றை முழு வேகத்தில் எடுக்கிறார். மற்றவர்கள் யோசிக்காமல் பின்தொடர்கிறார்கள். பேஸ் வயலின் கீழ்ச்சுரங்களில் கூரையின் ஒட்டடைகூட நடுங்குகிறது. யாரும் ஆடவில்லையே என்று தலைவர் ஜோடிகளுக்கு உரக்கக் கட்டளை வேறு போடுகிறார். ஊர்ப் பண்ணையார் அன்றோடு குழுவை ஒழித்துக் கட்டி, கைப்பிடியைச் சுழற்றினால் இருபத்திரண்டு சங்கீத மெட்டுகளை மட்டும் பிசகாமல் வாசிக்கும் பீப்பாய் ஆர்கன் ஒன்றை வரவழைக்கிறார். ஆலய இசையைப் பற்றிய எந்தப் பாடநூலும் சொல்லாத ஒன்றை ஹார்டி இதில் பிடித்துவிட்டார்: தலைவர் தப்பான மெட்டை எடுத்தாலும் பேஸ்காரர் கூடவே போய்விடுவார், அது அவருடைய சுபாவம்.

ஆர்கன் வந்த பிறகு கீழ்க்குரல் வாசிப்பவரின் கால்களுக்குப் போனது. மிதிகட்டைகளோடு வழக்கமாகச் சேரும் 16 அடிக் குழாய் வரிசை, எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பேஸ் கிட்டாரும் அப்படித்தான். பாமாலையின் நான்கு குரல் அமைப்பில் உள்ள பேஸ் வரியை அப்படியே பார்த்து வாசித்தால், பாடகர் குழுவின் ஆண்குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே, மிதிகட்டை நின்ற அதே இடத்தில் அது போய் நிற்கும். இன்றைய ஆராதனைப் பாடல்களில் நான்கு கார்டுகளைச் சுற்றி வந்து பழகிய இளைஞர்கள் ஞானப்பாட்டில் திணறுவதற்குக் காரணம், அதில் கிட்டத்தட்ட ஒவ்வொரு அடிக்கும் கார்டு மாறுவதுதான். அந்தப் பேஸ் வரியை வாசித்துப் பழகுவதைவிட நல்ல பயிற்சி இந்த வாத்தியத்துக்கு வேறு இல்லை. பலரும் அதைத் தொடுவதே இல்லை.

கலிபோர்னியாவில் கிட்டார் தயாரித்துவந்த லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தி நீளம் 34 அங்குலம், நான்கு தந்திகள், மிகத் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த நடனக் குழுக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. ஃபிரெட் இருப்பதால் சுரம் பிசகாது. பெயரும் அதனால் வந்தது. 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் தனிச்சுருள் பிக்கப் இரண்டு. இரண்டையும் சமமாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் ஆலயத்து டியூப்லைட்டும் டிம்மரும் ஸ்பீக்கர் வழியே பேசத் தொடங்கும், ஜெப நேரத்தில் குறிப்பாக. ஜாஸ் பேஸின் கழுத்து மெலிது, குரலும் தெளிவு. ஆனாலும் ஒரே ஒரு பேஸ் வாங்க முடிந்த சபைக்குப் பிரிசிஷன் வகையே உத்தமம்.

உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் பார்க்கவும் கேட்கவும் பகட்டானது. கேபிளைச் செருகினாலே அதன் சுற்று உயிர்பெற்றுவிடும். இந்த ஞாயிறு செருகிய கேபிளை அடுத்த ஞாயிறுவரை அப்படியே விட்டுவைக்கும் சபையில் பேட்டரி நிலைக்காது. ஐந்து தந்திப் பேஸ் இன்னொரு ஆசை. கூடுதலாகக் கிடைக்கும் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டை மூங்கில் கம்பத்தில் கட்டியிருக்கும் கூடத்தில் அந்தச் சுரம் வெளியே வரவே வராது. தந்திக்குப் பணம் கொடுத்ததுதான் மிச்சம். தாழ்ந்த டி அடிக்கடி தேவைப்பட்டால், ஈ தந்தியை ஒரு சுரம் தளர்த்திக்கொள்வது செலவில்லாத வழி.

கூடம்தான் உண்மையில் பெரிய வாத்தியம். 41 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் எட்டே கால் மீட்டர். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் உள்ள கூடத்தில் அது உடனே அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். சில சுரங்கள் ஒரு மூலையில் முழங்கும், நடுவில் காணாமல் போகும். அங்கே வேகமாக வாசித்த நான்கு சுரங்கள் சபையின் காதுக்கு ஒரே உறுமலாகப் போய்ச் சேருகின்றன. மருந்து எளியது: குறைவாக வாசிப்பது, ஒவ்வொன்றையும் சீக்கிரம் அணைப்பது. பிரிட்ஜ் அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பஞ்சைச் செருகினால் பாதி வேலை முடிந்தது. பழைய ஃபெண்டர்களின் பிரிட்ஜ் மூடிக்குள் அந்த ஸ்பஞ்ச் கம்பெனியிலிருந்தே வந்தது. மோட்டவுன் கம்பெனியின் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷனையும் வழவழப்பான ஃபிளாட்வுண்ட் தந்திகளையும் வைத்துக்கொண்டு, அறுந்தால் ஒழியத் தந்தி மாற்றாமல், பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால் ஒரு யுகத்தையே ஆட வைத்தார். ஃபிளாட்வுண்ட் தந்தி விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இந்தக் கணக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். ஆனால் ஆராதனை செல்போனிலும் போகிறது என்றால் ஒரு சங்கடம் உண்டு. போனின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது. 82, 123 என்று மேலே வரும் இணைச்சுரங்களைக் கேட்டுத்தான் காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. டோன் குமிழை முழுக்க மூடிவிட்டால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை. வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பேஸ்காரர் சும்மா நிற்பதாகத் தோன்றும்.

வாசிப்பில் பெரிய தகராறு கீபோர்டோடு. கீபோர்டுகாரரின் இடதுகை தனியாக வாசித்துப் பழகியது; தானே பேஸையும் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பேர் அடியில் நின்றால் சேறுதான். அந்த இடதுகையை மேலே ஏற்றும்படி கேட்பது சங்கீத விஷயம். சபை அரசியலில் அது வேறு விஷயம். இதைவிட நுட்பமான கண்ணி டிரான்ஸ்போஸ் பொத்தான். பாடுகிறவர் சுருதி தாழ்வாக இருக்கிறது என்று சைகை காட்டியதும், கீபோர்டுகாரர் பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிட்டு, விரல்களை மாற்றாமல் சி-யிலேயே வாசித்துக்கொண்டிருப்பார். வெளியே வருவது டி. அவர் கையைப் பார்த்து வாசிக்கும் பேஸ்காரர் அங்கே மாட்டிக்கொள்வார். காதை நம்புகிறவர் தப்பிப்பார்.

இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பேஸ்காரருக்கு இன்னொரு சோதனை. அந்தப் பேஸ் வரிகள் மெட்டுக்கு எதிரே தனி மெட்டாக நடப்பவை. தமிழ்க் காதுகளைப் பேஸ் பக்கம் திருப்பியவையும் அவையே. அதே நடையைச் சபைப் பாட்டின் சரணத்தில் ஓடவிட்டால், சுரத்தைத் தேடும் கடைசி வரிசை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். முகப்பு இசையும் சரணங்களுக்கு நடுவே வரும் இடைவெளியும் தாராளமாக இருக்கின்றன, அங்கே ஓடலாம். விதிவிலக்குகள் உண்டு: ஆராதனைப் பாடகர் ரான் கெனோலியின் 1992-ஆம் ஆண்டு 'லிஃப்ட் ஹிம் அப்' பதிவில் மெக்சிகோவில் பிறந்த ஆபிரகாம் லபோரியல் பேஸைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஆடியபடி வாசிக்கிறார், சபை ஒரு இம்மியும் தடுமாறவில்லை. சின்ன வயதில் விபத்தில் இடதுகை ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தவர் அவர். அந்த வீடியோவைப் பார்த்து ஆட்டத்தை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

தளவாடம் வாங்கும்போது ஆசையின் வரிசையும் அவசியத்தின் வரிசையும் தலைகீழ். முதலில் செலவழிக்க வேண்டியது கையிலுள்ள பேஸைச் செப்பனிட. ஈரக்காற்றில் கழுத்து வளையும். அதன் உள்ளே ஓடும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்தி, தந்தியின் உயரத்தையும் சுரத்தானத்தையும் சரிசெய்தால் மலிவான பேஸே மரியாதையாக ஒலிக்கும். அடுத்தது டி.ஐ. பாக்ஸ். பேஸின் மின்தடை அதிகம். அதை நீளக் கேபிளில் நேரே மிக்ஸரில் செருகினால் குரல் மந்தமாகும், வழியிலுள்ள இரைச்சலும் ஏறும். டி.ஐ. பாக்ஸ் அதை மைக் கேபிளில் போகத் தகுந்த சமிக்ஞையாக மாற்றிவிடும். உறுமல் கேட்டால் அதிலுள்ள கிரவுண்ட் பொத்தானைத் தள்ளிப் பார்க்கலாம். பிறகு டியூனர். ஆம்ப் அதற்கும் பிறகுதான்: சபைக்கு ஒலி மிக்ஸர் வழியே போகிறபோது, மேடையில் இருப்பது வாசிப்பவருக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். நாற்காலி மேல் ஏற்றிக் காதுக்கு நேரே சாய்த்து வைத்த சின்ன ஆம்ப், தரையிலிருந்து முழங்காலுக்கு வாசிக்கும் பெரிய ஆம்பைவிடத் தெளிவாகக் கேட்கும். பாடகர்களின் மைக்குகளுக்கும் நிம்மதி. புது பேஸ் வாங்கும் யோசனை இவை எல்லாம் வந்து சேர்ந்த பிறகு. அப்போதும் தோளில் மாட்டி அரைமணி நேரம் நின்று பார்க்காமல் வாங்கக் கூடாது, ஏனென்றால் நான்கரைக் கிலோ பேஸ் கடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கனமாகவும், உபவாசக் கூட்டத்தின் மூன்றாம் மணி நேரத்தில் வேறொரு கனமாகவும் இருக்கும்.